ரெப்ளெவினுக்குத் தமிழில் என்ன?

நண்பர்களே, அமெரிக்க நீதிமன்றப் படிவ விளக்கம் ஒன்றை வெள்ளிக்குள் மொழிபெயர்த்துத் தரவேண்டும். ரெப்ளெவின் என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அது ஒரு வழக்கு முறை, இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: என் பொருளை ஒருவர் உரிமையில்லாமல் வைத்திருக்கிறார். எனக்கு நஷ்டஈடு வேண்டாம், பொருளே வேண்டும். பிணை கட்டினால் தீர்ப்புக்கு முன்பே பொருள் கைக்கு வரலாம், தோற்றால் திருப்பித் தரவேண்டும். 'பொருள் மீட்பு மனு' போதுமா?

—

மீட்பு என்றால் வக்கீல்களுக்கு அடமானம்தான் ஞாபகம் வரும். கடனைக் கட்டி நகையைத் திருப்புவது வேறு கதை. ஆட்கொணர்வு மனு ஊரறிந்த சொல், அதே அச்சில் பொருட்கொணர்வு மனு என்றால் என்ன?

—

அவசரப்படாதீர்கள். ரெப்ளெவினின் வேர் பழைய பிரெஞ்சு. பிணை நிற்பது என்று பொருள். அதனால் பிணை இல்லாத சொல் எதுவும் ஒப்பாது. அந்தக் கால இங்கிலாந்தில் குத்தகை பாக்கிக்காக நிலக்கிழார் மாட்டை ஓட்டிப் போய்விடுவார்; குடியானவன் பிணை கொடுத்து, ஷெரிஃப் வழியாகத் திரும்பப் பெறுவான். 1267 மார்ல்பரோ சட்டத்திலேயே இது இருக்கிறது. கவர்ந்த ஆநிரையைக் கரந்தைப் பூச்சூடிப் போரிட்டு மீட்பது நமக்குக் கரந்தைத் திணை அல்லவா? தொல்காப்பியர் ஆநிரை கவரும் வெட்சித் திணைக்குள் அடக்கியதைப் புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாகவே பிரித்தது. 'கரந்தை மனு' என்று துணிந்து வைக்கலாம்.

—

ஐயா, கரந்தைப் பூச்சூடி ஷெரிஃப் வரப்போவதில்லை :) கரந்தையில் போர் உண்டு, இந்த வழக்கு முறையோ அடிதடி வேண்டாம் என்பதற்காக இருப்பது. அது போகட்டும், படிவத்தை யார் படிக்கப் போகிறார்கள்? பல சமயம் பொருளைப் பறிகொடுப்பவர்தான். அமெரிக்காவில் ஃபுயெண்டஸ் என்ற அம்மாள் தொடுத்த வழக்கில், அவர் தவணையில் வாங்கிய அடுப்பும் ஸ்டீரியோவும், சுமார் 200 டாலர் பாக்கி இருக்கையில், அவர் தரப்பைக் கேட்காமலே போயின. அப்படி முன்விசாரணை இல்லாமல் எடுப்பது செல்லாது என்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அவரைப் போன்றவர் 'மீட்பு' என்று படித்தால் தனக்குத்தான் ஏதோ திரும்பக் கிடைக்கிறது என்று நினைத்துவிடுவார்.

—

இடையில் ஒன்று. சேர்த்து எழுதினால் பொருண்மீட்பு. அருண்மொழி போல.

—

அதை நீதிமன்றத்தில் யார் வாசிப்பது?

—

பொருட்கொணர்விலும் ஓட்டை இருக்கிறது. ஆட்கொணர்வில் ஆளை நீதிபதி முன் நிறுத்துகிறார்கள். இங்கே பொருள் நீதிபதியிடம் போவதில்லை, கேட்டவரிடம் போகிறது. 'இடைக்கால ஒப்படைப்பு' என்றால் யாருக்கும் குழப்பம் வராது.

—

தீர்ப்புக்குப் பிறகு வரும் ஆணையும் ரெப்ளெவின்தானே தம்பி, அங்கே இடைக்காலம் எங்கிருந்து வந்தது?

—

நன்றி அனைவருக்கும். 'பொருள் ஒப்படைப்பு ஆணை' என்று போட்டு, முதல்முறை வரும் இடத்தில் ரெப்ளெவினையும் தமிழெழுத்தில் சேர்த்துவிடுகிறேன். நால்வர் சரி என்று தனிமடலில் சொல்லிவிட்டார்கள்.

—

பிணையை வெட்டிவிட்டு ஒப்படைப்பு என்றால் கூரியர்காரர் வேலை மாதிரி இருக்கிறது. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பொருளை வைத்துக்கொண்டு தர மறுப்பதற்கு டெட்டினியூ என்று வேறொரு வழக்கு உண்டு, இங்கிலாந்தில் 1977இல் ஒழித்துவிட்டார்கள். அதற்கு என்ன எழுதுவீர்கள்?