சாட்ஸ்வர்த் ரோட்பிளாக்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

டர்பன் உறவுகளுக்கு வணக்கம். போன சனிக்கிழமை கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது ஹிகின்சன் ஹைவேயில் என் மச்சானை நிறுத்தி ஊதச் சொன்னார்கள். ஊதினார். கருவி கூடுதலாகக் காட்டியதால் ரத்தம் எடுக்க அழைத்துப் போனார்கள். முடிவு இன்னும் வரவில்லை. இரண்டு பியர்தான் என்கிறார் (அக்கா நம்பவில்லை, நானும்தான்).

ஊத மாட்டேன், ரத்தம் தர மாட்டேன் என்று மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை என்பது தெரியும். தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 65ஆம் பிரிவு. குழப்பம் வேறு இடத்தில்.

சாதாரண ஓட்டுநருக்கு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹால் வரம்பு, தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. மச்சான் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிச் செல்பவர், அதற்கான பெர்மிட் உண்டு. ஆனால் அன்று ஓட்டியது சொந்தக் கார். அப்போது எந்தக் கணக்கு?

அப்புறம், நிறுத்தியது 9.40க்கு, ஊசி குத்தியது 11.55க்கு. இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் அந்த அளவை ஓட்டிய நேரத்து அளவாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்று படித்தேன். பதினைந்து நிமிடம் தாண்டியது நமக்கு உதவுமா?

போலீஸ் ரோட்பிளாக்குக்கு கமிஷனரின் எழுத்து அனுமதி வேண்டுமாம், வண்டியைச் சோதித்தால் கேட்டுப் பார்க்கலாமாம். பதற்றத்தில் யாருக்குக் கேட்கத் தோன்றும்? இப்போது கேட்டால் தருவார்களா?

இந்த மாதிரி வழக்கு பார்த்த வக்கீல் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வேன் நின்றால் வீட்டு வருமானமும் நின்றுவிடும்.