மண்டபம்: ஆம்ப்ளிஃபையர் போர்டில் கிரவுண்ட் இணைப்பு மட்டும் பிடிக்கவில்லை, உதவி தேவை

எல்.எம்.386 என்ற ஐசி (ஒலியைப் பெருக்கும் சிப்) கொண்ட சிறிய ஆடியோ ஆம்ப்ளிஃபையர் கிட்டில், ஐசியின் 4-ஆம் காலான கிரவுண்டில் (பேட்டரியின் எதிர்முனையோடு சேரும் இணைப்பு) மட்டும் பற்றவைக்கும் ஈயம் பிடிக்க மறுக்கிறது. உருகிய ஈயம் பேடில் (காலைப் பற்றவைக்க போர்டில் உள்ள சிறு செம்புத் தடத்தில்) பரவாமல், தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கிறது. 9 வோல்ட் பேட்டரியை இணைத்தால் ஸ்பீக்கரில் இரைச்சல்தான் வருகிறது. அந்தக் காலை மரக்குச்சியால் அழுத்தினால் ஒலி தெளிவாகி, விட்டவுடன் மறைந்துவிடுகிறது.

கிட் பங்குனியில் வாங்கியது. கடலை ஒட்டிய வீட்டில் உறை பிரித்த நிலையில் இருந்தது. கச்சான் காற்று வீசும் ஆடியில்தான் வேலையைத் தொடங்கினேன். ஜன்னல் கம்பியையே உப்புக் காற்று தின்றுவிடும் ஊர் இது என்பதால், பேடுகள் கறுத்திருந்ததில் வியப்பில்லை.

என்னிடம் இருப்பவை 25 வாட் சால்டரிங் அயர்னும் ரோசின் (பைன் பிசின்) கலந்த 60/40 ஈயமும் (60% வெள்ளீயம், 40% காரீயம்). ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஈயம் ஒட்ட உதவும் ரோசின் ஃபிளக்ஸ் தடவிய பிறகு மற்ற பேடுகள் எல்லாம் பளபளப்பாகப் பிடித்துக்கொண்டன. அயர்ன் முனையையும் சுத்தம் செய்து ஈயம் பூசிப் பார்த்துவிட்டேன். கடைக்காரர் ஒருவர் அமில ஃபிளக்ஸைப் பரிந்துரைத்தார். அதன் எச்சம் செம்பை அரிக்கும் என்பதால் வாங்கவில்லை. பிடிக்காத அந்தப் பேடு, போர்டின் அகன்ற செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கிறது. வெப்பத்தை அதுவே இழுத்துக்கொள்கிறதோ என்ற ஐயமும் உண்டு.

இந்நிலையில் 60 வாட் அயர்னுக்கு மாறுவதா, அல்லது பேடைச் செம்பு தெரியும்வரை சுரண்டி மீண்டும் ஈயம் பூசுவதா, எதை முதலில் செய்ய வேண்டும்?