காரின் வாட்டர் பம்பை நாமே மாற்றலாம். பட்டறைக்கு ஏன் பணத்தை அழ வேண்டும்?

பழைய வண்டிக்காரன்:
"வாட்டர் பம்ப் ஒழுகினால் வண்டிக்காரர் அதைத் தொடவே கூடாது, பட்டறையில் ஒப்படைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும்" என்று இங்கே ஒருவர் அறிவுரை வழங்கியிருந்தார். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். என்னுடையது, சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டும் இரண்டாம் தலைமுறை டொயோட்டா வியோஸ் கார். அதன் எஞ்சினில், வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் உள்ளே தனியாக ஓடுகிறது. பம்பைச் சுழற்றுவது வெளியே இருக்கும் பெல்ட்தான். பம்பின் அடியில் உள்ள சிறு துளை வழியாக, எஞ்சினைக் குளிர்விக்க அது சுற்றவிடும் திரவமான கூலண்ட் கசிந்து காய்ந்து படிந்திருந்ததைக் கண்டேன். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கூலண்டை வடித்து, பெல்ட்டைத் தளர்த்தி, பழைய பம்பைக் கழற்றினேன். பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒழுகாமல் அடைக்க வைக்கும் மெல்லிய தகடான கேஸ்கட்டைப் புதிதாக எடுத்து, அதன் இருபுறமும் சிலிக்கான் பசையை மெல்லியதாகத் தடவி, புதிய பம்பை மாட்டினேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. இதற்குப் பட்டறையில் கேட்ட கூலி பம்பின் விலையைவிடப் பல மடங்கு.

சின்மிங் ஸ்பேனர்:
அறிவுரை வழங்கிய அந்த ஒருவன் நான்தான். நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு வரி போதும், இந்த வேலையை ஏன் எல்லாரும் செய்யக் கூடாது என்று காட்டுவதற்கு. கேஸ்கட்டின்மேல் பசை தடவினீர்களா? காகிதக் கேஸ்கட் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே நசுங்கித்தான் அடைப்பை உண்டாக்குகிறது. அதன்மேல் வழுக்கும் பசையைப் பூசினால், போல்ட்டை இறுக்கும்போது கேஸ்கட் இடம் நகரும். உட்புறம் பிதுங்கிய பசை காய்ந்து துண்டு துண்டாகப் பிய்ந்து, ரேடியேட்டரின் குறுகிய குழாய்களையும், சூட்டுக்கு ஏற்பக் கூலண்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் போய் அடைக்கும். கேஸ்கட் உலர்வாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய வண்டிக்காரன்:
நான் கழற்றிய பழைய பம்பிலும் பசை இருந்தது. அதை மாட்டியவன் நானல்லன், ஒரு பட்டறை. நீங்கள் சொல்லும் வல்லுநர்கள் தடவினால் அது தொழில் நுணுக்கம், நான் தடவினால் குற்றமா?

சின்மிங் ஸ்பேனர்:
அதனால்தான் ஒழுகியது.

பழைய வண்டிக்காரன்:
ஐயா, படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். ஒழுகியது சீலின் துளை வழியாக. கேஸ்கட் வழியாக அன்று. பசை பூசிய அந்தப் பக்கம் கடைசிவரை காய்ந்தே இருந்தது.

தெம்பனிஸ் வாசி:
இருவரும் பசையை விட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்லுங்கள். இந்த வேலை நடந்தது எங்கே? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடி வாகன நிறுத்துமிடம் வண்டி நிறுத்துவதற்கு. பட்டறை நடத்துவதற்கு அன்று. வடித்த கூலண்ட் எங்கே போனது? அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நச்சுப்பொருள். நம் ஊரில் கால்வாயில் விழும் மழைநீர் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு நகரின் நடுவே ஓடும் நீரும் குடிநீராகிறது. உங்கள் சிக்கனத்தை நாங்கள் குடிக்க வேண்டுமா?

பழைய வண்டிக்காரன்:
அகன்ற தட்டில் பிடித்துப் போத்தலில் ஊற்றி மூடிவைத்திருக்கிறேன். தரையில் ஒரு துளியும் சிந்தவில்லை.

தெம்பனிஸ் வாசி:
எங்கே செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கடற்பாலக்காரன்:
எதற்கு இத்தனை சண்டை? கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு ஓட்டிச் சென்றால் கூலியும் குறைவு, சாப்பாடும் முடித்துக்கொண்டு திரும்பலாம். நான் இப்படித்தான் எப்போதும் செய்கிறேன்.

சின்மிங் ஸ்பேனர்:
ஒழுகும் பம்போடு கடற்பால நெரிசலில் நின்றிருக்கிறீர்களா? கூலண்ட் குறைந்த எஞ்சின் அங்கே சூடேறினால் அதன் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துவிடும். கூலியில் மிச்சம் பிடித்ததைவிடப் பன்மடங்கு அதற்குக் கொடுப்பீர்கள். அங்கேயும் கேஸ்கட்டில் பசையை அள்ளிப் பூசித்தான் அனுப்புகிறார்கள். அப்படி வந்த வண்டிகளைத் திறந்து பார்த்தவன் நான்.

கடற்பாலக்காரன்:
பட்டறைகள் நிறைந்த உங்கள் சின்மிங்கில் எல்லாம் தங்கக் கை போலும். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கூலண்டுக்குப் பணம் வாங்கிய கடை ஒன்று இங்கேயே எனக்குத் தெரியும். துருப்பிடித்துப் பம்ப் போவதற்கு அதுதான் காரணம்.

தெம்பனிஸ் வாசி:
சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்டக் கட்டாயமான முக்கால் தொட்டிப் பெட்ரோல் இல்லாமல் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்ட கதையைச் சென்ற முறை சொன்னவர் நீங்கள்தானே? உங்களிடம் சிக்கனம் கற்க எவரும் இங்கே காத்திருக்கவில்லை.

கடற்பாலக்காரன்:
அது வேறு விவகாரம். அதை இங்கே இழுப்பது உங்கள் குணம்.

சின்மிங் ஸ்பேனர்:
பேச்சை மாற்ற வேண்டாம். நான் மீண்டும் சொல்கிறேன்: பசை கூடாது. சில எஞ்சின்களில் கேஸ்கட்டே இருக்காது. அங்கே தயாரிப்பாளர் குறிப்பிட்ட பசையைப் பூச வேண்டும். சிலவற்றில் ரப்பர் வளையம் இருக்கும். அதன்மேல் சிலிக்கான் பூசினால் கெட்டது. கேஸ்கட் கொடுக்கப்பட்ட இடத்தில் கேஸ்கட் மட்டுமே. பழைய கேஸ்கட்டின் எச்சத்தைப் பரப்பில் கீறல் விழாமல் சுரண்டி எடுத்திருந்தால் பசையைத் தேடவே வேண்டியிருக்காது. சுரண்டச் சோம்பல்பட்டவர்கள்தான் பசையைத் தேடுகிறார்கள். பம்பின் சிறு போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாமல் இறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும் என்பதும் தனிக் கதை. டைமிங் செயினுக்குப் பதிலாக டைமிங் பெல்ட் இருந்து, அதுவே பம்பையும் சுழற்றும் எஞ்சின்கள் பல உண்டு. அவற்றில் பெல்ட் ஒரு பல் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளக்கூடும். ஒரு வியோஸை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறீர்கள்.

பழைய வண்டிக்காரன்:
என் வண்டியைப் பற்றி மட்டுமே எழுதினேன். டார்க் ஸ்பேனரும் வைத்திருக்கிறேன், பரப்பையும் சுரண்டித் துடைத்தேன். டயர் காற்றழுத்த விவாதத்திலும் இப்படித்தான், எழுதாததை எழுதியதாகச் சொல்லி எல்லாரையும் சலிப்படையச் செய்தீர்கள். பத்தாண்டைத் தாண்டிய வண்டி ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகிறது. பம்ப் மாற்றிய பிறகும் தேறியிருக்கிறது.

சின்மிங் ஸ்பேனர்:
பரிசோதனையில் பிரேக்கையும் புகையையும் பார்ப்பார்கள். உங்கள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். கழற்றிப் படம் போடுங்கள், உள்ளே எவ்வளவு பசை ஒட்டியிருக்கிறது என்று எல்லாரும் பார்க்கட்டும்.

பழைய வண்டிக்காரன்:
நல்ல எஞ்சினை உங்கள் வீம்புக்காகக் கழற்றுவதாக இல்லை. பசையால் அடைபட்ட ரேடியேட்டர்களைத் திறந்து பார்த்தவன் என்றீர்களே, அவற்றில் ஒன்றின் படத்தை முதலில் நீங்கள் போடுங்கள்.

சின்மிங் ஸ்பேனர்:
வாடிக்கையாளரின் வண்டியைப் படமெடுத்து ஊருக்குக் காட்டும் பழக்கம் எனக்கு இல்லை. கேஸ்கட் உலர்வாகத்தான் இருக்க வேண்டும்.