நவம்பர் 30-ல அட்மினிஸ்ட்ரேட்டர் வந்தா 20 நாளா, 25 நாளா?

சட்டச்சாமி: விர்ஜின் ஆஸ்திரேலியா விமானக் கம்பெனி 2020 ஏப்ரல் 20-ல அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போச்சு, அதாவது கடன்ல முங்கி வெளி நிர்வாகி (அட்மினிஸ்ட்ரேட்டர்) கைக்குப் போச்சு. 20 வேலைநாள்ல கடன் கொடுத்தவங்களோட இரண்டாவது கூட்டத்தை நடத்தி முடிக்கணும்னு சட்டம். ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய் ஆகஸ்ட் 18 வரைக்கும் இழுத்தாங்க. மணிக்கு இவ்வளவுன்னு ஃபீஸ் வாங்குறவங்க வேற என்ன செய்வாங்க?

நாட்காட்டி: "நடத்தி முடிக்கணும்"னு எங்க இருக்கு சாமி? ஆஸ்திரேலியாவோட கார்ப்பரேஷன்ஸ் சட்டம் 439ஏ பிரிவு சொல்றது நோட்டீஸ் அனுப்பிக் கூட்டத்தைக் கூட்டுற காலம். கூட்டம் நடக்கிறது அந்தக் காலம் முடியுறதுக்கு முன்னால 5 வேலைநாள், பின்னால 5 வேலைநாள், அதுக்குள்ள. ஏப்ரல் 21-ல இருந்து எண்ணினா விர்ஜினுக்கு மே 18. கடன் கொடுத்தவங்க பத்தாயிரம் பேருக்கும் மேல, விமானம் பாதி லீஸ்ல, கம்பெனியை வாங்க வர்றவங்க இன்னும் முடிவான விலை சொல்லல. மே மாசத்துல என்ன ரிப்போர்ட் எழுதி அனுப்புவாங்க? இன்னொண்ணு, எப்பவும் 20 இல்ல. டிசம்பர்ல விழுந்தாலோ, குட் ஃப்ரைடே கிட்ட வந்தாலோ 25.

சட்டச்சாமி: டிசம்பர்ல ஆரம்பிச்சா 25. அது தெரியும். நவம்பர்ல ஆரம்பிச்சா 20.

நாட்காட்டி: தெரியலையே! அட்மினிஸ்ட்ரேஷன் ஆரம்பிச்ச நாளைப் பார்க்கக் கூடாது, அதுக்கு மறுநாள் டிசம்பர்ல விழுதான்னு பார்க்கணும். நவம்பர் 30-ல ஆரம்பிச்சா மறுநாள் டிசம்பர் 1. ஆக 25.

சட்டச்சாமி: நவம்பர் 30 டிசம்பரா? நல்லா இருக்கு கணக்கு.

நாட்காட்டி: சிட்னி லீவு வச்சு 2021-க்குப் போட்டுக் காட்டுறேன். நவம்பர் 30 செவ்வாய். டிசம்பர் 1 முதல் நாள். 24-ஆம் தேதியோட 18. கிறிஸ்துமஸ் சனி, பாக்ஸிங் டே ஞாயிறு, அதனால 27, 28 ரெண்டும் லீவு. 29, 30 சேர்த்தா 20. உங்க கணக்கு அங்கேயே நின்னுடும். சட்டப்படி 31 இருபத்தொண்ணு, ஜனவரி 3 லீவு, 7-ஆம் தேதி வெள்ளி 25. கூட்டத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 14. உங்களை நம்பி ஒருத்தர் டிசம்பர் 30-ஐ கெடுன்னு வச்சுக்கிட்டா கிறிஸ்துமஸ் வாரத்துல அவசர மனு போட்டு வக்கீலுக்குத் தண்டமா அழணும்.

கடைவாடகை: நாள் எண்ணுறதை நிறுத்துங்கப்பா. நீட்டிப்பு கிடைச்சா இடத்துக்காரன் காலி பண்ணச் சொல்ல முடியாது, 440பி தடுக்குது. அதைப் பேசுங்க.

நாட்காட்டி: முதல் 5 வேலைநாள் தாண்டியும் இடத்தை வச்சுக்கிட்டா வாடகை அட்மினிஸ்ட்ரேட்டர் தலையில, 443பி. இடம் வேண்டாம்னு அவர் நோட்டீஸ் கொடுத்தா தப்பிக்கலாம்.

கடைவாடகை: அந்தப் பொறுப்பையும் கோர்ட்டுல தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கிறாங்களே, அது கண்ணுல படலையா?

இடைமறி: வேலை செஞ்சவங்களை ரெண்டு பேரும் மறந்துட்டீங்க. பாக்கிச் சம்பளத்துக்கு அரசாங்கம் தர்ற ஃபெக் பணம், கம்பெனியைக் கலைச்சு சொத்தை விக்கிற லிக்விடேஷன் ஆனாத்தான் வரும். கூட்டம் மூணு மாசம் தள்ளினா அதுவும் மூணு மாசம் தள்ளும். கடன்காரங்களோட நல்லதுன்னு மனுவுல எழுதுறவங்க இதை ஒரு பத்தியாவது எழுதணும்.

சட்டச்சாமி: கடன்காரன்னா கொடுத்தவனா வாங்கினவனா? முதல்ல தமிழை ஒழுங்கா எழுதுங்க.

இடைமறி: ஊர்ல ரெண்டு பேரையும் அப்படித்தான் சொல்வாங்க. வாசல்ல வந்து நிக்கிறவன் யாருன்னு சாமிக்குத் தெரியாதா?

சட்டச்சாமி: நான் கேட்டதுக்குப் பதில் வரல. கோர்ட்டு எதுக்கு? கூட்டத்தைக் கூட்டி 45 வேலைநாள் வரைக்கும் ஒத்திவைக்கலாமே. செலவே இல்ல.

நாட்காட்டி: ஒத்திவைக்கணும்னாலும் முதல்ல கூட்டத்தைக் கூட்டணும், 5 வேலைநாள் முன்னால நோட்டீஸ் போகணும். கூடவே ரிப்போர்ட். டோகாவா (கடன் கொடுத்தவங்களோட போடுற சமரச ஒப்பந்தம்), லிக்விடேஷனா, கம்பெனியைத் திரும்ப டைரக்டர்கள் கையில கொடுக்கிறதான்னு மூணுக்கும் கருத்து எழுதணும். விற்பனை பாதியில நிக்கும்போது எழுதுற கருத்து வெத்துக் காகிதம். ஒத்திவைக்க ஓட்டு விழலைன்னா அன்னிக்கே முடிவு எடுத்தாகணும். நீட்டிப்பு கேட்கும்போது டெய்சிடெக் ஆர்டரும் (அந்தப் பேர் கம்பெனி வழக்குல பிறந்த உத்தரவு) சேர்த்து வாங்கணும். அது இல்லாம ஆகஸ்ட் 18-க்கு நீட்டினா, ஜூன்ல வேலை முடிஞ்சாலும் ஆகஸ்ட் நடுவுல வரைக்கும் கூட்டம் போட முடியாது. அது இருந்தா நடுவுல எப்ப வேணா நடத்தலாம். 2003-ல இருந்து இதான் வழக்கம்.

கடைவாடகை: கெடு முடிஞ்சப்புறம் கேட்டா?

நாட்காட்டி: மனு போடலாம், ஆனா கடன் கொடுத்தவங்களுக்கு அதுதான் நல்லதுன்னு கோர்ட்டுக்குத் திருப்தி வரணும். மனுச் செலவு யார் தலையில விழுதுன்னு முடிவு பண்ணும்போது தாமதத்தையும் பார்ப்பாங்க. கூட்டமும் கூட்டாம, நீட்டிப்புக்கு மனுவும் போடாம கெடு போச்சுன்னா அட்மினிஸ்ட்ரேஷனே முடிஞ்சு போகும், 435சி. நவம்பர் 30 கணக்கு முக்கியம்னு நான் தொண்டை கிழியக் கத்துறது அதனாலதான்.

சட்டச்சாமி: என் கையில இருக்கிற புத்தகத்துல "டிசம்பர்ல ஆரம்பிச்சா"ன்னுதான் இருக்கு.

நாட்காட்டி: அந்தப் புத்தகத்துல 21 நாள், 28 நாள்னு இருக்கா?

சட்டச்சாமி: இருந்தா?

நாட்காட்டி: 2007 திருத்தத்துக்கு முந்தின புத்தகம் சாமி அது. பரண்ல போடுங்க.

சட்டச்சாமி: போன வருஷமும் நீங்க இப்படித்தான் வாட் கணக்குல வாதாடுனீங்க, கடைசியில என்ன ஆச்சு?

நாட்காட்டி: ஆஸ்திரேலியாவுல வாட் கிடையாது, ஜிஎஸ்டி.

சட்டச்சாமி: பேச்சை மாத்தாதீங்க. நவம்பர் 30 நவம்பர்தான்.

கடைவாடகை: குட் ஃப்ரைடே கணக்குல ஈஸ்டர் திங்களை எண்ணணுமா?

நாட்காட்டி: சாமி புத்தகத்துல பார்த்துச் சொல்லுவார்.