பேட்டரியும் புதுசு, ஆல்டர்னேட்டரும் புதுசு, ஆனாலும் சார்ஜ் ஏறவில்லை

பழைய காரில் சார்ஜ் பிரச்சினை என்றால் முதலில் பேட்டரி மாறும், அடுத்து ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியை சார்ஜ் செய்வது) மாறும். நான் வாங்கிய காரின் முந்தைய உரிமையாளர் இரண்டையும் மாற்றிப் பார்த்து, வெறுத்துப்போய்த்தான் விற்றார். நெரிசலில் மெதுவாக ஓட்டினால் பேட்டரி இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டினால் ஒரு தொந்தரவும் இருக்காது.

மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தேன். எஞ்சின் ஓடாதபோது 12.4 வோல்ட். ஸ்டார்ட் செய்து ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல்) விட்டால் 12.2. ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்ததும் சட்டென்று 14.1-க்குத் தாவியது, அதாவது சார்ஜ் ஏறத் தொடங்கியது. அப்புறம் ஐடிலுக்கு இறக்கினாலும் 14-ஐ ஒட்டியே நின்றது. ஆல்டர்னேட்டர் செத்திருந்தால் இப்படி நடக்காது. உயிர் இருக்கிறது, தட்டி எழுப்பத்தான் ஆளில்லை.

எழுப்ப வேண்டியது டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு பேட்டரி விளக்கு. பழைய வண்டிகள் பலவற்றில் அது எச்சரிக்கைக்கு மட்டும் வைத்ததல்ல. சாவியைத் திருப்பியதும் அந்த பல்பு வழியாகத்தான், ஆல்டர்னேட்டருக்குள் காந்தமாகிச் சுழலும் ரோட்டர் சுருளுக்கு முதல் மின்னோட்டம் போகிறது. பல்பு போய்விட்டால், ரோட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்ச காந்தத்தை நம்பித்தான் ஆல்டர்னேட்டர் கிளம்ப வேண்டும். அதற்கு நல்ல வேகம் வேண்டும்.

சாவி போட்டால் ஆயில் விளக்கு எரிந்தது, பேட்டரி விளக்கு எரியவில்லை. எரியாத விளக்கை யார் சந்தேகப்படுகிறார்கள்? ஆல்டர்னேட்டரின் பின்னால் விளக்குக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றி, சாவியை ஆனில் வைத்து, எஞ்சின் உலோகத்தில் தொட்டேன். அப்போதும் எரியவில்லை. (தடித்த வயரில் இதைச் செய்துவிடாதீர்கள், அது நேரே பேட்டரியிலிருந்து வருவது.) மீட்டர் போர்டைக் கழற்றினால், பல்பின் இழை அறுந்து கண்ணாடி உள்ளே கறுத்திருந்தது. புதுசு போடும்போது அதே வாட்ஸ் பல்பாகப் பாருங்கள். எல்இடி போட்டால் அதன் வழியாகப் போகும் மின்னோட்டம் பத்தாமல் போகலாம்.

*

இன்னொருவர் சொன்னது: எனக்கு வந்தது வேறு மாதிரி. ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டுவிட்டு அளந்தால் ஆல்டர்னேட்டரில் 14.3, பேட்டரியில் 13.1. உற்பத்தியாவது வழியிலேயே தொலைகிறது. மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. எனக்கு 1 வோல்ட்டைத் தாண்டியது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் அடியில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை மாட்டினேன். வேறு எதையும் தொடவில்லை.

*

மூன்றாமவர் சொன்னது: ஓடும்போது 14 வோல்ட், காலையில் பேட்டரி காலி. என் கதை இது. ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தும், வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து போகும் மின்கசிவு குறையவில்லை. 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது அரை ஆம்பியர் ஓடியது. காலையில், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஆல்டர்னேட்டரைத் தொட்டேன்: வெதுவெதுப்பு. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விட வேண்டிய டையோடு அதற்குள் கெட்டு, ராத்திரி முழுக்க பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த வயர் ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகவில்லை, அதனால்தான் பிடுங்கியும் பலனில்லை. டையோடு பிளேட் மட்டும் தனியாகக் கிடைத்தது. கழற்றியதோடு தேய்ந்திருந்த கார்பன் பிரஷ்ஷையும் மாற்றிவிட்டேன்.

இன்னொன்று: எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, எஞ்சின் அணைகிறதா என்று பார்த்து ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தை இன்னும் நடக்கிறது. வேண்டாம். அந்த நொடியில் வோல்ட்டேஜ் எகிறி, வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும், நன்றாக இருக்கும் ரெகுலேட்டரும் போய்விடலாம்.