யூனியன் படிவமும் தேர்தல் அட்டைகளும்: விசாவில் இருப்பவர் எதில் கையெழுத்துப் போடலாம்?

கேள்வி (டேவிஸ், முதலாண்டு பிஎச்டி, எஃப்-1 மாணவர் விசா):

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில்தான் கலிபோர்னியா வந்தேன். டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை கிடைத்திருக்கிறது. ஓரியன்டேஷனில் யூனியன்காரர்கள் மேசை போட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். உறுப்பினராகச் சேர ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே "வி-கேப்" என்று போட்டு, மாதம் இத்தனை டாலர் பிடித்துக்கொள்ள இன்னொரு கையெழுத்து. தபால்பெட்டியைத் திறந்தால் கத்தையாகத் தேர்தல் அட்டைகள் விழுகின்றன, பாதியில் "தொழிலாளர் ஆதரவு பெற்ற வேட்பாளர்" என்று இருக்கிறது. இதில் நான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? யூனியன் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அப்பா போனில் பதறுகிறார்.

பதில் (சான்டா கிளாரா கவுண்டி ஊழியர், யூனியன் உறுப்பினர்):

தம்பி, முதல் கையெழுத்தைத் தாராளமாகப் போடலாம். இரண்டாவதைப் போடவே போடாதீர்கள்.

யூனியனில் சேர விசா ஒரு தடையே இல்லை. யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகங்களில் டீச்சிங் அசிஸ்டன்ட், ஆராய்ச்சி உதவியாளர், போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்த ஆய்வாளர்) எல்லோருக்கும் இருப்பது யுஏடபிள்யூ 4811 என்ற யூனியன். வெளிநாட்டு மாணவர்கள் அதில் ஏராளம். 2022 நவம்பரில் யூசி முழுக்க சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்து சம்பளத்தை உயர்த்திக்கொண்டார்கள். சம்பள ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தால் நீங்களும் வாக்களிக்கலாம். சேர விருப்பமில்லையா, அதுவும் சரி. அரசுத் துறை ஊழியர் யாரையும் யூனியனுக்குப் பணம் கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2018-ல் ஜேனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. யூசி அரசுத் துறையில்தான் வரும்.

வி-கேப் சமாசாரம் வேறு. அது யுஏடபிள்யூவின் அரசியல் நிதி. மற்ற யூனியன்களில் "கோப்" என்று பெயர் இருக்கும், வேலை ஒன்றுதான்: வேட்பாளர்களுக்காகச் செலவு செய்வது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் மத்திய, மாநில, உள்ளாட்சித் தேர்தல் எதற்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். பள்ளி வாரியத் தேர்தலும் இதில் அடக்கம். எஃப்-1, எச்-1பி, எச்-4, எல்-1 என்று எந்த விசாவாக இருந்தாலும் இதேதான். வரி கட்டுகிறேன், சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறது என்பதெல்லாம் இங்கே செல்லாது. மேசையில் இருக்கும் பையன் உங்கள் விசாவைக் கேட்கப்போவதில்லை. இந்த மாதிரிப் படிவங்களின் அடியில் பொடி எழுத்தில் "நான் அமெரிக்கக் குடிமகன் அல்லது நிரந்தர வசிப்பாளர்" என்று பொதுவாக ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்டால் அதற்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்றைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். யூனியன் யாருக்குத் தேர்தல் பணம் கொடுப்பது, எவ்வளவு செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் வெளிநாட்டவர் பங்கெடுக்கக் கூடாது என்று தேர்தல் ஆணைய விதி இருக்கிறது. தொழிற்சங்கம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஆகவே "அரசியல் குழுவுக்கு வாயேன், பீட்சா உண்டு" என்று கூப்பிட்டால் பீட்சாவை மறந்துவிடுங்கள். சம்பளக் குழு, குறைதீர்ப்புக் குழு என்று வேறு எத்தனையோ இருக்கின்றன. சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக போன் செய்யவோ வீடு வீடாகப் போகவோ தேர்தல் சட்டத்தில் தடையில்லை. ஆனால் காசு கொடுத்துப் பிரசாரத்துக்கு ஆள் எடுப்பதும் இங்கே சகஜம். எஃப்-1-ல் இருந்துகொண்டு அந்தக் காசை வாங்கினால் அது அனுமதியில்லாத வேலை ஆகிவிடும்.

அப்பாவின் பதற்றம் புரிகிறது. நம் ஊரில் தொமுச என்றால் திமுக, சிஐடியு என்றால் மார்க்சிஸ்ட், அண்ணா தொழிற்சங்கம் என்றால் அதிமுக. பேருந்து டெப்போ வாசலில் கொடியைப் பார்த்தாலே யாருக்கு ஓட்டு என்று தெரிந்துவிடும். ஆட்சி மாறினால் டெப்போவில் செல்வாக்கும் கைமாறும். இங்கே யூனியன் கட்சியின் கிளை கிடையாது. பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்வார்கள், ஆனால் அதே கட்சிக்காரர் இரண்டு பேர் மோதும்போதுதான் யூனியன் யார் பக்கம் என்பதற்கு உண்மையான மதிப்பு. கலிபோர்னியாவில் நகர மன்றம், பள்ளி வாரியம் போன்ற பதவிகளுக்கு வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் பதவியும் அப்படித்தான். 2018-ல் அதற்கு டோனி தர்மண்டும் மார்ஷல் டக்கும் நின்றார்கள், இருவருமே ஜனநாயகக் கட்சிக்காரர்கள். ஆசிரியர் சங்கம் தர்மண்ட் பக்கம், சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளி) ஆதரவாளர்களின் பணம் டக் பக்கம். தர்மண்ட் ஜெயித்தார். அந்த ஒரு தகவல் தெரிந்தால் சண்டை எதைப் பற்றி என்று விளங்கிவிடும்.

ஆதரவு எப்படி முடிவாகிறது என்றால், வேட்பாளருக்கு முதலில் ஒரு கேள்வித்தாள் போகும். வேலைநிறுத்தம் நடந்தால் மறியல் செய்பவர்களைத் தாண்டி உள்ளே போவீர்களா, நகரத்தின் துப்புரவுப் பணியைத் தனியாருக்கு விடுவீர்களா, இந்த மாதிரி. அப்புறம் நேர்காணல், குழுவின் பரிந்துரை, பிரதிநிதிகளின் வாக்கு. பல யூனியன்கள் சேர்ந்த ஏஎஃப்எல்-சிஐஓ அமைப்பில் உள்ளூர்ப் பதவிகளை வட்டாரத் தொழிலாளர் கவுன்சிலும், மாநிலப் பதவிகளை மாநிலக் கூட்டமைப்பும் பார்த்துக்கொள்ளும்.

மேலே இருப்பவர் சொன்னால் கீழே எல்லோரும் தலையாட்டுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2024-ல் லாரி ஓட்டுநர்கள் அதிகமுள்ள டீம்ஸ்டர்ஸ் யூனியனின் தேசியத் தலைமை அதிபர் தேர்தலில் யாரையும் ஆதரிக்கவில்லை என்றது. கலிபோர்னியாவில் உள்ள அதே டீம்ஸ்டர்ஸின் வட்டாரக் கவுன்சில்கள் கமலா ஹாரிஸை ஆதரித்தன. சிகாகோவில் 2023 மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் ஆசிரியர் யூனியன் பிராண்டன் ஜான்சன் பக்கம், போலீஸ் யூனியன் பால் வாலஸ் பக்கம். ஜான்சன் ஆசிரியர் யூனியனிலேயே அமைப்பாளராகச் சம்பளம் வாங்கியவர், ஜெயித்ததும் அவர்தான். எங்கள் சான் ஹோசேயில் 2022 மேயர் தேர்தலில் வட்டாரத் தொழிலாளர் கவுன்சிலான சவுத் பே லேபர் கவுன்சில் சின்டி சாவேஸை ஆதரித்தது. அவர் ஒரு காலத்தில் அந்தக் கவுன்சிலையே நடத்தியவர். மேயரானது மாட் மஹான்.

என் கணிப்பைக் கேட்டால், யூனியன் ஆதரவு என்பது அந்தத் துறையில் வேலை செய்பவர்களின் நலன் எந்தப் பக்கம் என்று சொல்லும் தகவல். நல்லவர், கெட்டவர் என்ற சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளி வாரியம்தான் ஆசிரியர்களின் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறது, அந்த வாரியத்துக்கு ஆள் அனுப்ப ஆசிரியர் யூனியனே பாடுபடுகிறது. இதில் ரகசியம் எதுவும் இல்லை. பிள்ளையின் பள்ளிக்கு நல்லது, வாத்தியார் சம்பளத்துக்கு நல்லது, இரண்டும் பல நேரம் ஒன்றாகப் போகும், சில நேரம் போகாது.

அட்டைகளுக்கு வருகிறேன். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வேட்பாளர் பெயர்கள் வரிசையாக இருந்து, சில பெயர்களுக்குப் பக்கத்தில் குட்டியாக நட்சத்திரக் குறி இருந்தால், அவர்கள் அதில் இடம்பெறப் பணம் கொடுத்தவர்கள் என்று அர்த்தம். கலிபோர்னியா சட்டப்படி அதைக் காட்டியே ஆக வேண்டும். அட்டையின் தலைப்பில் "ஆசிரியர்", "தீயணைப்பு வீரர்" என்று இருப்பதாலேயே அது யூனியனின் முடிவு ஆகிவிடாது. பெயர் வைத்து அட்டை அச்சடிப்பதே இங்கே ஒரு தொழில். உண்மையான பட்டியல் வேண்டுமானால் அந்த யூனியனின் இணையதளத்துக்கே போங்கள். "பணம் கொடுத்தவர்" என்ற பொடி எழுத்து வரியையும் படியுங்கள். சில சமயம் அட்டையில் உருப்படியான தகவல் அது ஒன்றுதான்.

கேள்வி (ஃப்ரெஸ்னோ, நர்ஸ்):

அக்கா, நான் இபி-3 என்ற வேலைவழிக் குடியேற்ற முறையில் கிரீன் கார்டோடேயே வந்தேன். இங்கே எங்கள் வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிதான். ஊரில் நான் பார்த்த எண்ணிக்கையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் யூனியன் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒருவரை ஆதரிக்கிறது. அந்த நிதிக்கு நான் கொடுக்கலாமா?

பதில்:

கொடுக்கலாம். கிரீன் கார்டு இருந்தால் தேர்தல் நிதி கொடுக்கத் தடையில்லை. ஓட்டுப் போடுவது மட்டும் கூடாது.

நீங்கள் சொல்லும் அந்த ஐந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? கலிபோர்னியா நர்ஸஸ் அசோசியேஷன் பல வருஷம் போராடி 1999-ல் கொண்டுவந்த சட்டம் அது, நடைமுறைக்கு வந்தது 2004-ல். பொது வார்டில் முதலில் ஆறு பேருக்கு ஒருவர், அடுத்து ஐந்து பேருக்கு ஒருவர் என்று திட்டம். ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் அந்த ஐந்தைத் தள்ளிப்போடப் பார்த்தார். நீதிமன்றம் தடுத்தது. நர்ஸ்கள் அவர் போன இடமெல்லாம் பதாகையோடு நின்றார்கள். 2005 நவம்பரில் அவர் கூட்டிய சிறப்புத் தேர்தலில் வாக்குச்சீட்டில் இருந்த எட்டுத் தீர்மானங்களும் தோற்றன. அதில் ஒன்று, அரசுத் துறை யூனியன்கள் உறுப்பினர் சந்தாவை அரசியலுக்குச் செலவழிப்பதற்குக் கடிவாளம் போடும் தீர்மானம். சட்டமன்றத்தில் யார் உட்காருகிறார்கள் என்று நர்ஸ் யூனியன் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறது என்பதற்கு உங்கள் வார்டே சாட்சி.

ஓட்டு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். குடியுரிமை இல்லாமல் மத்தியத் தேர்தலில் வாக்களிப்பது குற்றம், நாடு கடத்தவும் அதுவே காரணமாகலாம். மாநிலத் தேர்தலும் பெரும்பாலும் அதே வாக்குச்சீட்டில்தான் வரும். டிஎம்வியில் (வாகன உரிம அலுவலகம்) லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக் கேள்வி வரும், நிதானமாகப் படித்து "தகுதியில்லை" என்று தேர்ந்தெடுங்கள். 2018-ல் கலிபோர்னியா டிஎம்வியே சுமார் 1,500 பேரைத் தவறாகப் பதிவு செய்துவிட்டது, அதில் குடிமக்கள் அல்லாதவர்களும் இருந்தார்கள். உங்கள் பெயருக்கு வாக்குச்சீட்டு வந்துவிட்டால் நிரப்பாதீர்கள். கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிப் பெயரை நீக்கச் சொல்லிவிட்டு, பதில் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், குடியுரிமை விண்ணப்பத்தின்போது கேட்பார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் பள்ளி வாரியத்துக்கு மட்டும் குடியுரிமை இல்லாத பெற்றோரும் வாக்களிக்கலாம். அங்கே குடிபோனாலும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள்.

கேள்வி (டேவிஸ் மாணவர்):

நன்றி அக்கா. என் ரூம்மேட்டும் எஃப்-1தான், அவன் போன மாதமே வி-கேப்பில் டிக் போட்டுவிட்டான். இப்போது என்ன செய்வது?

பதில்:

சம்பளச் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், பிடித்திருந்தால் சந்தாவுக்குக் கீழே தனி வரியாகத் தெரியக்கூடும். இன்றைக்கே யூனியனுக்கு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்: "நான் குடிமகனோ நிரந்தர வசிப்பாளரோ இல்லை, தவறுதலாகக் கையெழுத்திட்டேன், பிடித்தத்தை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தரவும்." போனில் சொன்னால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். உறுப்பினர் அட்டையை ரத்து செய்ய வேண்டியதில்லை, அதையும் அதே மின்னஞ்சலில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். அடுத்த சம்பளத்தில் அந்த வரி போய்விட்டதா என்று பார்த்துவிட்டு இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள்.