‘செலக்டிவ் மியூட்டிசம்’: ‘நாவெழாமை’ சரியாக வருமா?

வணக்கம். வீட்டில் பேசும் குழந்தைக்குப் பள்ளி போன்ற சில சூழல்களில் மட்டும் பேச்சு வராமல் போகும் நிலையே ‘செலக்டிவ் மியூட்டிசம்’. இதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது இங்கே வந்த ஒரு பரிந்துரை:

> “தெரிவுப் பேசாமை” என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச் சொல்லுக்கு நேராக இருக்கிறது.

நேராக இருப்பதுதான் சிக்கல். வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை, வகுப்பில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்றுகூடச் சொல்லாது. “தெரிவு” என்று எழுதினால், வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்கிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பிடிவாதம், திமிர் என்று ஏற்கெனவே திட்டு வாங்கும் குழந்தை அது. “தேர்வு” என்று மாற்றினாலோ பரீட்சை பயம் மாதிரி ஒலிக்கிறது!

மூலச் சொல்லும் இதே இடத்தில் இடறியதுதான். 1877இல் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் ‘தானாக விரும்பிய பேச்சிழப்பு’ என்ற பொருளில் பெயரிட்டார். 1934இல் டிராமர் என்ற மனநல மருத்துவர் தந்த ‘எலக்டிவ் மியூட்டிசம்’ என்ற பெயரிலும் விருப்பம் ஒட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம், தன் நான்காம் பதிப்பில் 1994இல் ‘செலக்டிவ்’ என்று மாற்றியது; சில சூழல்களில் மட்டும் என்பது கருத்து. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதைப் பதற்றக் கோளாறுகளில் சேர்த்தது. (‘ஆங்சைட்டி’க்குப் பதற்றமா, பதகளிப்பா என்ற பழைய சண்டையை இங்கே இழுக்க வேண்டாம்.)

“பேச நா எழவில்லை” என்கிறோமே, அதில் யாரும் பேச மறுக்கவில்லை, நாதான் எழவில்லை. ஆகவே என் பரிந்துரை: சூழல்சார் நாவெழாமை. “பேச்சுமுடக்கம்” என்றால் பக்கவாதம் நினைவுக்கு வருகிறது. “ஊமை” சேர்ந்த எதுவும் வேண்டவே வேண்டாம்.

வரையறை இப்படி இருக்கலாம்: மற்ற இடங்களில் பேசும் குழந்தை, பேச வேண்டிய சில சூழல்களில் மட்டும் தொடர்ந்து பேச முடியாமல் போவது, குறைந்தது ஒரு மாதம் நீடிப்பது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. அந்த மொழி பழக்கமில்லாததால் மட்டும் பேசாதிருப்பது இதில் சேராது என்பதையும் எழுதிவிட வேண்டும். வேற்றுமொழிப் பள்ளிக்கு மாறிய குழந்தைக்கு அவசரப்பட்டு இந்தப் பெயரைச் சூட்டிவிடுவார்கள்.

அப்புறம், இதோடு சேர்ந்து வரும் ‘அக்காமடேஷன்’ என்ற சொல். குழந்தையின் பதற்றத்தைத் தணிக்கச் சுற்றியிருப்பவர்கள் வளைந்துகொடுப்பதைக் குறிக்கிறது. யாராவது கேள்வி கேட்டதும் குழந்தைக்குப் பதிலாகப் பெற்றோரே பதில் சொல்லிவிடுவது இதற்கு ஓர் உதாரணம். குழந்தைக்கு அப்போதைக்கு நிம்மதி. ஆனால் அடுத்த முறை பேசுவது இன்னும் கடினமாகிறது. “விட்டுக்கொடுப்பு” என்றால் பாராட்டுவதுபோல் இருக்கிறது, “செல்லம் கொடுத்தல்” பெற்றோரைக் குற்றம் சாட்டுகிறது. “பதற்றத்துக்கு இணங்கல்” என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றுகிறதா?